பேர்க்கின் பூட்டிய ஊதுகருவி

பெரியார் சரிதங்களை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றி கண்டவர்களையே தேடிச் செல்வர். நான் இங்கு எழுதப் புகுவதோ, தாம் முழுமையாக நம்பிய ஒரு பொருளைப் பென்ட்லிக் காரிற் பூட்டி ஒரு பெரும் பந்தயத்தையேனும் வெல்லாது போன ஒருவரைப் பற்றி. ஆயினும் அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், மோட்டார்ப் பந்தய வரலாறு அறிந்தோர் நாவில் அவர் பெயரும் அப்பொருளின் பெயரும் ஒன்றாகவே வழங்குகின்றன. அவர் சேர் ஹென்றி பேர்க்கின். நண்பர்க்கும் இரசிகர்க்கும் டிம் பேர்க்கின். அப்பொருள், எஞ்சினுக்குள் வளியை வலிந்து ஊட்டும் சூப்பர்சார்ஜர் என்னும் ஊதுகருவி.

வளியமுக்கம் பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்து. மோட்டார் எஞ்சினுக்கு வேண்டிய வளியை வெளியேயுள்ள வளிமண்டலமே தள்ளிக் கொடுக்கின்றதாயின், கொல்லன் துருத்தியைப்போல் ஒன்றை வைத்து இன்னுங் கொஞ்சம் ஊதிக் கொடுத்தால் என்ன என்று அவன் கேட்டான். விதிகளைக் கூறி இரண்டு நிமிடத்தில் விடை சொல்லியிருக்கலாம். ஆனால், அந்த வினாவைத் தம் செல்வத்தாலும் உடலாலும் கேட்டுப் பார்த்த ஒரு மனிதரின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. அதனையே அவனுக்குச் சொன்னேன். இங்கும் சொல்கிறேன்.

பேர்க்கின் 1896ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிற் பிறந்தார். ரேந்தைத் தொழிலாற் பெரும் பொருள் ஈட்டிய குடும்பம் அது. சிறுவர் பத்திரிகை ஒன்றில் வந்த டைகர் டிம் என்னும் புலிக்குட்டியின் பெயர் அவருக்கு விளையாட்டாக இடப்பட்டது. அதுவே இறுதிவரை நிலைத்தது. முதலாம் உலகப் போரில் அரச பறத்தற் படையிற் சேர்ந்து பலஸ்தீனத்திற் பணியாற்றினார். அங்கே அவரைப் பற்றிய மலேரியாக் காய்ச்சல் போர் முடிந்த பின்னரும் விட்டகலவில்லை. வாழ்நாள் முழுவதும் இடையிடையே தலைகாட்டி வந்தது. இக்கதையின் முடிவில் நாம் அதனை மறுபடியுஞ் சந்திப்போம்.

போரிலிருந்து மீண்டவருக்கு வேகத்தின் சுவை மறக்கவில்லை. 1921ஆம் ஆண்டில், புறூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் டி.எப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார் ஒன்றை ஓட்டினார். இலண்டனுக்கு அண்மையில், 1907இல் திறக்கப்பட்ட சாய்வான கொங்கிறீற் ஓடுபாதை அது. அந்த டி.எப்.பி. கார்களைப் போருக்கு முன்னரே இங்கிலாந்திற் கொண்டுவந்து விற்றவர்களுள் ஒருவர், பின்னாளில் தம் பெயரிலேயே கார் செய்த டபிள்யூ. ஓ. பென்ட்லி. இருவர் வாழ்க்கையும் பின்னிப் பிணையப்போவதற்கு அன்றே ஓர் இழை ஓடியது எனலாம். ஆயினும் தொழிற் பொறுப்புக்கள் பேர்க்கினைப் பந்தயத்திலிருந்து ஆறாண்டுக் காலம் விலக்கி வைத்தன.

1927இல் அவர் திரும்பி வந்தார். பென்ட்லியின் மூன்று லீற்றர் கார் ஒன்றை ஆறு மணிநேரப் பந்தயத்திற்குக் கொணர்ந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் அவருடைய இளவல் ஆர்ச்சி பேர்க்கின், மான் தீவில் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்திற்கான பயிற்சியின்போது, எதிரே வந்த வண்டி ஒன்றுக்கு விலக முயன்று மாண்டார். பொது மக்களின் போக்குவரத்துக்கு மூடப்படாத வீதியிலே அக்காலத்திற் பயிற்சி நடந்தது. அவர் மறைவுக்குப் பின்னரே பயிற்சிக் காலத்திலும் வீதி மூடப்படலாயிற்று. அவர் வீழ்ந்த வளைவு இன்றும் பேர்க்கின் வளைவென்றே அழைக்கப்படுகின்றது. தம்பியைப் பறிகொடுத்த தமையன் அத்துடன் நின்றுவிடுவார் என்று எவரும் எண்ணியிருக்கலாம். அவரோ மறு ஆண்டே முழுநேரப் பந்தயச் சாரதியானார்.

தோற்றத்திற் பேர்க்கின் சிறிய உருவினர். பேசும்போது நாத் திக்கும். பந்தயத்தில் வெண்புள்ளி இட்ட நீலப் பட்டுக் கைக்குட்டையைக் கழுத்திற் கட்டிக்கொள்வார். சுழல்சக்கரத்தைப் பற்றியதும் அந்தத் தயக்கம் அனைத்தும் மறைந்துவிடும். முந்தி ஓடுவதன்றி வேறொரு முறையை அவர் அறியார். காரைக் காத்து, நேரம் பார்த்து, இறுதியில் முந்தும் பொறுமை அவர் இயல்பன்று.

1928ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயம் அவர் இயல்பை உலகுக்குக் காட்டியது. நாலரை லீற்றர் பென்ட்லியுடன் சென்ற அவருக்கு ஒரு ரயர் கிழிந்து சில்லைச் சுற்றிக்கொண்டது. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு ஜக்கு காரில் வைக்கப்படவில்லை. வெறுஞ் சில்லின் விளிம்பில் ஓட்டிக்கொண்டே வந்தார். ஈற்றில் விளிம்பும் நொறுங்கியது. காரை விட்டிறங்கித் தம் குழுவினர் நின்ற இடத்திற்குச் சில மைல் ஓடிவந்தார். அவருடைய கூட்டாளியான ஷசான் என்னும் பிரெஞ்சுச் சாரதி, நாற்பது வயதைத் தாண்டியவர், இரு ஜக்குகளைத் தூக்கிக்கொண்டு கார் கிடந்த இடத்திற்கு ஓடினார். ஏறத்தாழ மூன்று மணிநேரம் வீணாயிற்று. அவ்வளவும் இழந்த பின்னரும் அவர்கள் ஐந்தாம் இடத்தைப் பெற்றனர். இறுதிச் சுற்றிலே, 8 நிமிடம் 7 விநாடியில் ஓடி, அப்பந்தயத்தின் அதிவேகச் சுற்றைப் பேர்க்கின் பதிவு செய்தார்.

அப்பந்தயத்தை வென்றதும் பென்ட்லிக் கார் ஒன்றே. ஆயினும் பேர்க்கின் மனநிறைவு கொள்ளவில்லை. நாலரை லீற்றர் எஞ்சினின் வலு இனிப் போதாது என்று அவர் கண்டார். ஐரோப்பாவின் பிற கார்கள் அதனை மிஞ்சும் காலம் நெருங்குகின்றது என்பது அவர் துணிபு. இங்கேதான் எங்கள் மாணவனின் வினா எழுகின்றது.

எஞ்சினின் வலு எதிலிருந்து வருகின்றது? பெற்றோலிலிருந்து என்போம். அது பாதி உண்மையே. ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 15 இறாத்தல் வளி வேண்டும். பெற்றோலை வேண்டிய அளவு ஊற்றலாம். வளியை அவ்வாறு ஊற்ற முடியாது. உருளைக்குள் ஆடுதண்டு கீழிறங்கும்போது உள்ளே அமுக்கங் குறைகின்றது. வெளியே ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல் என்னும் வளிமண்டல அமுக்கம், அவ்வெற்றிடத்தை நோக்கி வளியைத் தள்ளுகின்றது. தானே மூச்சிழுக்கும் எஞ்சினுக்குக் கிடைப்பது அவ்வளவே. எஞ்சின் விரைந்து சுழலச் சுழல, வால்வு திறந்திருக்கும் நேரமும் சுருங்குகின்றது. ஆகவே பல வேளைகளில் அவ்வளவுகூட உட்செல்வதில்லை.

வலுவைப் பெருக்க மூன்று வழிகள் உள. உருளையைப் பெரிதாக்கலாம்; எஞ்சினை இன்னும் விரைவாகச் சுழலச் செய்யலாம்; அல்லது வளியை வலிந்து ஊட்டலாம். மூன்றாவது வழி பேர்க்கின் கண்டுபிடித்ததன்று. ஜெர்மனியரான கொட்லீப் டெய்ம்லர் 1885ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். போர்க் காலத்தில் வளி மெலிந்த உயரங்களிற் பறக்கும் விமானங்களுக்காக அம்முறை ஆராயப்பட்டது. 1921இல் மேர்சிடிஸ் நிறுவனம் ஊதுகருவி பூட்டிய கார்களை விற்பனைக்குக் காட்சிப்படுத்தியது. 1923இல் இத்தாலியப் பெரும் பந்தயத்தை ஊதுகருவி பூட்டிய பியட் கார் வென்றது. பேர்க்கின் விரும்பியது, தானே மூச்சிழுக்குமாறு அமைக்கப்பட்டு, அவ்வாறே பெயரும் பெற்றுவிட்ட ஓர் எஞ்சினுக்குப் பின்னர் ஊதுகருவியைச் சேர்ப்பது. எல்லாச் சிக்கலும் அந்தச் சேர்த்தலிலேதான் இருந்தது.

டபிள்யூ. ஓ. பென்ட்லி இதனை விரும்பவில்லை. இளமையிற் புகையிரத எஞ்சின் தொழிற்சாலையிற் பயின்றவர் அவர். பெரிய உருளை, நிதானமான சுழற்சி, முறியாத உறுதி ஆகியவையே அவர் கொள்கை. ஓர் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் குறித்த அமுக்கத்துக்கும் வெப்பத்துக்கும் அளந்து செய்யப்பட்டது. அதற்குமேற் சுமையேற்றுவது அதன் அமைப்பைத் திரிப்பதும் அதன் இயல்பைக் கெடுப்பதுமாகும் என்று அவர் கருதினார். கூடிய வலு வேண்டுமாயிற் கூடிய கொள்ளளவுள்ள எஞ்சினைச் செய்வதே நேர்வழி என்பார். அதற்கேற்ப ஆறரை லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட ஸ்பீட் சிக்ஸ் என்னும் காரை உருவாக்கினார்.

ஆனால் தம் பெயர் தாங்கிய நிறுவனத்தில் அவருடைய சொல்லே இறுதிச் சொல்லாக இருந்த காலம் போய்விட்டது. 1926இற் பண நெருக்கடி வந்தபோது, வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசான வுல்ப் பார்னாட்டோ நிறுவனத்தைப் பொறுப்பேற்றிருந்தார். பார்னாட்டோ பேர்க்கினின் நண்பர். தாமும் பந்தயச் சாரதி. பேர்க்கின் அவரை இணங்கச் செய்தார். லெ மான் பந்தயத்தில் இடம்பெற வேண்டுமாயின், அவ்வகைக் கார்கள் ஐம்பதையேனும் பொது விற்பனைக்காகச் செய்ய வேண்டும் என்பது விதி. எனவே, தாம் விரும்பாத கார்களை ஐம்பதின்மேற் செய்து தம் பெயரை அவற்றின் முகப்பிற் பொறிக்க வேண்டிய நிலைக்குப் பென்ட்லி ஆளானார். ஒரு படைப்பாளிக்கு இதனினும் கசப்பானது எது?

ஊதுகருவியை அமைத்தவர் அம்ஹேர்ஸ்ட் வில்லியேர்ஸ் என்னும் இளம் பொறியியலாளர். அவர் கையாண்டது ரூட்ஸ் முறை. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இற் காப்புரிமை பெற்ற அவ்வமைப்பு, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூதப் பயன்பட்டது. கொல்லன் துருத்தியை நினைத்த என் மாணவன் உண்மைக்கு அண்மையிலேயே நின்றான். எட்டு என்னும் இலக்கத்தின் வடிவுள்ள இரு சுழலிகள் ஓர் உறைக்குள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றையொன்று தொடாமலே அவை வளியை வாரி மறுபுறஞ் சேர்க்கும். எஞ்சின் விழுங்குவதற்கு மேலாக அவை வாரிக் கொடுப்பதால் நடுக்குழாயில் அமுக்கம் ஏறுகின்றது.

இவ்வூதுகருவி காரின் முன்புறத்தில், கதிர்க்கலத்துக்கும் முன்னே, வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எஞ்சினின் முதன்மைத் தண்டின் முன் நுனியிலிருந்து நேரே சுழற்றப்பட்டது. இரு காபரேற்றர்கள் அதன் பக்கத்திற் பொருத்தப்பட்டன. ஆகவே வெறும் வளியன்றிப் பெற்றோல் கலந்த வளியே அதனூடு சென்றது. விளைவு வியப்புக்குரியது. நான்கு உருளைகளும் 4,398 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மாறவில்லை. பந்தய நிலையில் ஏறத்தாழ 130 குதிரைவலு தந்த எஞ்சின் 240 குதிரைவலு தந்தது.

இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. ஊதுகருவியைச் சுழற்றவே எஞ்சினின் வலுவில் ஒரு பகுதி செலவாயிற்று. அமுக்கப்பட்ட வளி சூடேறும். சூடேறிய கலவை தீப்பொறி பாயுமுன்னரோ, பாய்ந்த பின் கட்டுக்கடங்காமலோ வெடிக்க முற்படும். அந்த அடிகள் ஆடுதண்டின் தலையையும் வால்வுகளையும் தாக்கும். தாங்கிகளில் அழுத்தம் மிகும். பெற்றோற் செலவு பெருகும். முன்புறத்திற் கூடிய பாரம் வளைவுகளில் காரைத் திருப்ப மறுக்கும். எனவே உள்ளுறுப்புக்கள் பலவற்றை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. ஊதுகருவியை ஓரிடத்திற் பூட்டினாற் போதாது. அதன் விளைவு எஞ்சினின் கடைசித் திருகாணிவரை செல்லும்.

இவ்வளவுக்கும் பணம் வேண்டும். பேர்க்கினின் செல்வம் கரைந்துகொண்டிருந்தது. 1921இற் செய்த திருமணமும் 1928இல் முறிந்துவிட்டது. அந்நிலையில் டொரதி பாஜெட் என்னும் செல்வச் சீமாட்டி துணைக்கு வந்தார். பின்னாளிற் குதிரைப் பந்தய உலகில், கோல்டன் மில்லர் என்னும் குதிரையின் உரிமையாளராகப் புகழ்பெற்றவர் இவரே. வெல்வின் என்னும் ஊரில் பேர்க்கினின் தொழிற்கூடம் அமைந்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1929 ஜூன் மாதம் லெ மான் பந்தயத்தைப் பேர்க்கின் வென்றார். அவர் பார்னாட்டோவுடன் ஓட்டியது ஊதுகருவி இல்லாத ஸ்பீட் சிக்ஸ். பென்ட்லியின் கொள்கைப்படி செய்த கார். வேறொருவராயின் அத்துடன் வாதத்தை விட்டிருப்பார். பேர்க்கினோ அதே மாத இறுதியில் ஊதுகருவி பூட்டிய தம் காரைப் புறூக்லாண்ட்ஸ் திடலில் முதன்முறை களமிறக்கினார். அது ஓடி முடிக்கவில்லை. அடுத்த மாதம் டப்ளின் நகரப் பந்தயத்தில் மூன்றாம் இடம் கிட்டியது.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் பாதையில் ஒரு பந்தயம் நடந்தது. பேர்க்கினின் ஊதுகருவிக் காரில், சாரதியின் அருகே உதவியாளராக அமர்ந்து சென்றவர் வேறெவருமல்லர். அதனை வெறுத்த டபிள்யூ. ஓ. பென்ட்லியே. இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட நிகழ்ச்சி இதுதான். கருத்தில் இருவரும் எதிரிகள். ஆயினும் மழையில் வழுக்கிய அந்த வீதியில், தாம் ஏற்காத எஞ்சினின் முன்னே தம் உயிரையும் நம்பி வைத்து ஒருவர் அமர்ந்தார், மற்றவர் ஓட்டினார். அன்று வென்றவர் மேர்சிடிஸ் ஓட்டிய ஜெர்மானியரான ருடொல்ப் கரச்சியோலா. அவர் காரிலும் ஊதுகருவி இருந்தது.

அந்தக் கரச்சியோலாவே 1930 ஜூன் மாதம் லெ மானுக்கு வந்தார். அவருடைய ஏழு லீற்றர் மேர்சிடிஸில், மிதியை அடிவரை அழுத்தும்போது மட்டுமே ஊதுகருவி இயங்கும்; மற்றைய நேரங்களில் எஞ்சின் தானே மூச்சிழுக்கும். குறுகிய நேரத்துக்கே அவ்வுதவியைப் பெற வேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் எண்ணம். பென்ட்லியின் ஊதுகருவியோ எஞ்சின் சுழலும் நேரமெல்லாஞ் சுழலும், அதற்கு ஓய்வில்லை.

பந்தயந் தொடங்கிச் சில சுற்றுக்களுள்ளே பேர்க்கின் மேர்சிடிஸை நெருங்கினார். நீண்ட நேர்வீதியில், ஒருபுறச் சில்லுகள் புல்லில் உருள, கரச்சியோலாவை முந்தினார். சில கணத்துள் பின்ரயரின் மேற்பரப்பு பிய்ந்து பறந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் ஓடினார். 6 நிமிடம் 48 விநாடியில் ஒரு சுற்றை முடித்து அப்பந்தயத்தின் அதிவேகச் சுற்றைத் தமதாக்கினார். ஆனால் ரயர்களை மாற்ற மாற்ற நேரம் போயிற்று. நள்ளிரவு கடந்தபின் மேர்சிடிஸ் பழுதுற்று நின்றது. பென்ட்லியின் ஊதுகருவிக் கார்கள் இரண்டும் மறுநாள்வரை தாக்குப்பிடித்து, அதன்பின் எஞ்சின் முறிந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. முதலிரு இடங்களையும் பெற்றவை ஸ்பீட் சிக்ஸ் கார்கள். மேர்சிடிஸை விரட்டிக் களைக்கச் செய்வதற்கே பேர்க்கின் அனுப்பப்பட்டார் என்று பிற்காலத்தில் ஒரு கதை வழங்கலாயிற்று. அவர் இயல்பை அறிந்த எனக்கு அது தேவையற்ற விளக்கமாகவே தோன்றுகின்றது. முந்துமாறு அவரை ஏவ வேண்டியதில்லை. முந்தாதிருக்குமாறு தடுப்பதே கடினம்.

அவ்வாண்டு செப்ரெம்பரிற் பிரான்சின் போ நகரிற் பிரெஞ்சுப் பெரும் பந்தயம் நடந்தது. மெல்லிய புகாட்டிப் பந்தயக் கார்கள் நிறைந்த களத்தில், விளக்குகளையும் மட்காப்புக்களையும் கழற்றிய தம் பாரமான நான்கிருக்கைப் பென்ட்லியைப் பேர்க்கின் ஓட்டினார். யானை மான் கூட்டத்துள் ஓடியதுபோன்ற காட்சி. எத்தான்செலின் என்பவரின் புகாட்டிக்கு அடுத்ததாக, இரண்டாம் இடத்திற் பந்தயத்தை முடித்தார். ஊதுகருவிப் பென்ட்லி கண்ட மிகப் பெரிய பேறு இதுவே. நீண்ட நேரம் ஓடும் பந்தயத்திற்கென்று எண்ணிய கார், தனக்குரியதல்லாத குறுகிய பந்தயத்திலேதான் சிறந்து விளங்கியது.

இதன்பின் சரிவு விரைந்து வந்தது. 1930 ஒக்ரோபரில் பாஜெட் அம்மையார் பந்தயக் குழுவுக்கு அளித்த ஆதரவை நிறுத்தினார். ஓரிருக்கைக் கார் ஒன்றை மட்டும் தொடர்ந்து பேணினார். உலகப் பொருளாதார மந்தத்தில் 1931ஆம் ஆண்டு பென்ட்லி நிறுவனமே வீழ்ந்து, றோல்ஸ் றோய்ஸ் கைக்கு மாறியது. ஊதுகருவித் திட்டத்திற்கான செலவும் வீழ்ச்சிக்குத் துணை நின்றது என்று சிலர் குறை கூறுவர். ஆயினும், விலையுயர்ந்த கார்களை வாங்குவார் அருகிய அக்காலத்தில், அந்த ஐம்பது கார்கள் இல்லாதிருந்தாலும் நிறுவனம் தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி எங்கள் மாணவனின் வினாவுக்குச் சரியான விடை வருகின்றது. தந்தையார் இறந்த 1931ஆம் ஆண்டிலே சேர் பட்டத்துக்கு உரியவரான பேர்க்கின், அதே ஆண்டு ஹவ் பிரபுவுடன் சேர்ந்து மீண்டும் லெ மானுக்குச் சென்றார். அம்முறை அவர்கள் ஓட்டியது இத்தாலியின் அல்பா ரோமியோ. அதன் எஞ்சின் 2.3 லீற்றர் மட்டுமே. பென்ட்லியின் எஞ்சினிற் பாதி அளவு. அதிலும் ரூட்ஸ் முறை ஊதுகருவியே இருந்தது. ஆனால் அதனை ஆக்கிய வித்தோரியோ யானோ, முதற் கோட்டை வரையும்போதே ஊதுகருவியை மனத்திற் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் அமைத்தவர். அந்தச் சிறிய எஞ்சின் 24 மணிநேரமும் முறியாது ஓடியது. பேர்க்கினும் ஹவ் பிரபுவும் வென்றனர். லெ மான் வரலாற்றில் 3,000 கிலோமீற்றரைக் கடந்த முதற் கார் அதுவே. வலிந்து ஊட்டிய மூச்சு ஒரு பகலும் ஓர் இரவும் தாங்குமா என்ற ஐயத்தை, அதனை முதலில் எழுப்பிய களத்திலேயே பேர்க்கின் தீர்த்துவைத்தார். தீர்த்தது பென்ட்லியில் அல்ல என்பதே சோகம்.

பென்ட்லியை அவர் மறக்கவில்லை. ஓரிருக்கையாக மாற்றிய ஊதுகருவிப் பென்ட்லியுடன் 1930இற் புறூக்லாண்ட்ஸ் வெளிவட்டச் சாதனையைப் பெற்று, பின் அதனை வேறொருவரிடம் இழந்திருந்தார். 1932 மார்ச் 24ஆந் திகதி மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓடி அதனை மீட்டார். கொங்கிறீற்றுப் பாதையின் மேடுபள்ளங்களிற் கார் நிலம் விட்டெழுந்து பாயும். சில நிமிடங்கள் முழு மூச்சுடன் உழைத்து ஓய்வதற்கு அந்த எஞ்சின் தக்கது என்பதை அச்சாதனை மெய்ப்பித்தது. 1934இல் ஜோன் கொப் என்பவர் முறியடிக்கும்வரை அது நிலைத்தது. பேர்க்கின் அதனைக் காண உயிரோடு இல்லை.

1933 மே 7ஆந் திகதி வட ஆபிரிக்காவின் திரிப்பொலி நகரில், மசராட்டிக் கார் ஒன்றை ஓட்டி மூன்றாம் இடம் பெற்றார். அப்பந்தயத்தின்போது அவர் கை, கொதிக்கும் புகைக்குழாயிற் பட்டுச் சுட்டது. அவர் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. தீப்புண் நஞ்சேறியது. பலஸ்தீனத்திலிருந்து கூட வந்த பழைய மலேரியாவும் அவ்வேளையில் எழுந்தது. எது முதற் காரணம் என்பதில் இன்றுங் கருத்து வேறுபாடு உண்டு. ஜூன் 22ஆந் திகதி இலண்டன் மருத்துவ விடுதி ஒன்றில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 36. நோர்போக் மாகாணத்தின் கடலோரச் சிற்றூரான பிளேக்னியில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

மணிக்கு நூற்று முப்பது மைல் வேகங்களில் தப்பிய உடல் ஒரு சிறு தீப்புண்ணால் வீழ்ந்தது. எஞ்சினின் எந்த உறுப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று ஆயிரம் முறை கணக்கிட்ட மனிதர், தம் உடலுக்கு அக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அவர் கார்களின் பின்வரலாறு வியப்பானது. வெற்றி காணாத அந்த ஊதுகருவிப் பென்ட்லியே, பென்ட்லிக் கார்கள் அனைத்திலும் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. சாதனை படைத்த ஓரிருக்கைக் கார் 2012இல் நடந்த ஏலத்தில் ஐம்பது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. பென்ட்லி நிறுவனமே, தன் நிறுவுநர் வெறுத்த அக்காரை அடியொற்றிப் பன்னிரண்டு புதிய கார்களைச் செய்வதாக 2019இல் அறிவித்தது.

கதையைக் கேட்ட மாணவன், அப்படியாயிற் பென்ட்லி சொன்னதுதானே சரி என்றான். நான் சற்று யோசித்தே விடை கூறினேன். தம் எஞ்சினைப் பற்றிப் பென்ட்லி கூறியது சரி. தாங்குவதற்கென்று செய்யாத பொருளின்மேற் சுமையேற்றலாகாது. வரப்போகும் காலத்தைப் பற்றிப் பேர்க்கின் எண்ணியதும் சரி. சிறிய எஞ்சினுக்குக் கூடிய மூச்சூட்டிப் பெரிய எஞ்சினின் வலுவைப் பெறலாம். இன்று எங்கள் வீதிகளில் ஓடும் டீசல் லொறிகளிலும் பஸ்களிலும் பல, வெளியேறும் புகையினாலே சுழலும் டேர்போ என்னும் ஊதுகருவியுடனேயே ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின்கள் பிறக்கும்போதே அதற்கென்று பிறந்தவை.

துருத்தியை வைத்து ஊதலாமா என்று கேட்டாய், ஊதலாம். ஆனால் உலை அதற்கேற்றதாக இருக்க வேண்டும் என்றேன். அவன் தலையசைத்தான். பிறகு, தன் குறிப்புப் புத்தகத்தில் எட்டு வடிவச் சுழலிகள் இரண்டை வரையத் தொடங்கினான்.